ஒற்றை எண் சொல்லும் பொய்

2023 செப்டம்பர் 17ஆம் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பெயர்பெற்ற யூடியூபர் ஒருவர் ஓடும் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கப்போய் வீசியெறியப்பட்டார். கை முறிந்தது. வழக்குப் பதிவானது, சிறைக்குப் போனார், பத்து ஆண்டுகளுக்கு ஓட்டுநர் உரிமம் ரத்தானது. ஜாமீன் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், பைக்கை எரித்துவிட்டு யூடியூப் பக்கத்தை மூடிவிடலாம் என்று கடிந்துகொண்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மே மாதத்தில், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொட்டுக்காட்டும் முயற்சியில் டேராடூன் இளைஞர் ஒருவர் யமுனா விரைவுச் சாலையில் உயிரைவிட்டார். அவரும் வீடியோ போடுகிறவர்தான்.

இந்த இரண்டுக்கும் பிறகு ஒரு கருத்து கெட்டிப்பட்டுவிட்டது. எங்கள் உத்திரமேரூர் டீக்கடை பெஞ்சிலும் அதுதான், தொலைக்காட்சி விவாதத்திலும் அதுதான். கேமராதான் பையன்களைக் கெடுக்கிறது. படத்தின் மூலையில் ஓடுகிற வேக எண்தான் அவர்களைக் கொல்கிறது. வண்டியில் கேமரா மாட்டுவதையும் ஓட்டிய வேகத்தைப் படத்தின் மேல் போட்டுக் காட்டுவதையும் ஒழித்துவிட்டால் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள். இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களில் பலர் பெற்றோர்கள், ஆசிரியர்கள், விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய் நிற்கிற காவலர்கள். நெடுஞ்சாலையில் வித்தை காட்டியவர்மேல் எடுத்த நடவடிக்கையில் எனக்கும் மறுப்பில்லை. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். அதை இன்னும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் நான் வரவேற்பேன்.

ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து ஊர் எடுத்துக்கொண்ட பாடம் தவறு. தவறோடு நில்லாமல், எங்கள் வட்டாரத்துப் பையன்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளை அவர்கள் கையிலிருந்து பிடுங்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், குற்றம் சாட்டப்படும் வீடியோக்களில் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஓடுகிற சாலை, காற்றின் இரைச்சல், ஒரு எண். பெரும்பாலும் அது வண்டியின் சொந்த மீட்டர். அதில் 140, 150, 160 என்று ஏறும். ஏறி முடிந்ததும் வீடியோவும் முடிந்துவிடும். எங்கே பிரேக் பிடித்தான், எவ்வளவு தூரத்தில் நின்றான், வளைவில் எந்த வேகத்தில் நுழைந்தான், நடுவில் எத்தனை முறை பதறினான், எதுவும் கிடையாது. இதைத் தகவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்த பேரேடு இது.

இன்னொன்று, அந்த எண்ணே சரியானதில்லை. வண்டிகளின் வேகமானிக்குப் பல நாடுகளில் ஒரு விதி உண்டு. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரைக்கும் கூடுதலாகக் காட்ட இடமுண்டு. அதனால் மீட்டரில் 150 தொட்டவன் உண்மையில் 140க்குப் பக்கத்தில்தான் போயிருப்பான். ஜிபிஎஸ் வைத்து அளந்து பார்த்த எந்தப் பையனுக்கும் இது முதல் நாளே தெரிந்துவிடும். நண்பர்களிடம் பீற்றிக்கொண்ட எண் கண்ணெதிரே சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஒருமுறை பார்த்தவன் மீட்டரைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்குக் கொஞ்சம் யோசிப்பான்.

பந்தயத் தடங்களில் பயன்படுகிற ஓவர்லே என்பது வேறு சாதி. வண்டியில் பொருத்திய கேமரா எடுத்த படத்தின் மேல், அந்தந்தக் கணத்தில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் பக்கத்தில் ஓடவிடுவது. வேகம் அதில் ஒரு பங்கு மட்டும். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, பிரேக் எப்போது கடித்தது, பக்கவாட்டில் எத்தனை ஜி விசை, தடத்தின் வரைபடத்தில் வண்டி எந்தப் புள்ளியில், தன்னுடைய சிறந்த சுற்றைவிட இந்த இடத்தில் எத்தனை நொடி முன்னே அல்லது பின்னே, எல்லாம் சேர்ந்து ஓடும். விலை உயர்ந்த அமைப்பில் பிரேக் திரவத்தின் அழுத்தத்தையே சென்சார் வைத்து அளப்பார்கள். சாதாரண 150 சிசி பைக்கில் அதெல்லாம் இருக்காது, தேவையும் இல்லை. ஜிபிஎஸ் தரும் வேகம் எங்கே எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பதைப் பார்த்தே பிரேக்கைப் படித்துவிடலாம். போன பாதையின் வளைவையும் வேகத்தையும் வைத்துப் பக்கவாட்டு விசையைக் கணக்கிட்டுவிடலாம். ரேஸ்குரோனோ மாதிரி ஒரு போன் செயலி இந்த வேலையைச் செய்யும்.

இதைச் சேர்ப்பதில் ஒரு கைவேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவன்தான் இதன் மதிப்பை அறிவான். மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். நொடிக்கு ஒருமுறை மட்டும் புள்ளி வைக்கிற சாதாரண ஜிபிஎஸ், ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே 30 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறது. பிரேக் பிடித்து, வண்டியைச் சாய்த்து, தவறைத் திருத்தி எல்லாம் அந்த 30 மீட்டருக்குள்ளேயே முடிந்துபோகலாம். நொடிக்குப் பத்துப் புள்ளி வைக்கிற தனி ஜிபிஎஸ் கருவியை ப்ளூடூத்தில் போனோடு இணைத்தால் மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அப்புறம் படத்தையும் தகவலையும் ஒரே கணத்தில் பொருத்த வேண்டும். இரண்டும் அரை நொடி விலகினால் 15 மீட்டர் பிசகு. வளைவுக்கு முன்னால் பிடித்த பிரேக், வளைவுக்குள் பிடித்ததாகத் தெரியும். பையனைத் தவறாகத் திட்டிவிடுவோம். அதனால் சக்கரம் தடத்தின் ஓரக்கல்லில் ஏறிக் குலுங்குகிற ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அதே குலுக்கம் முடுக்கமானியின் கோட்டில் முள்ளாக நிமிர்கிற இடத்தோடு சேர்க்க வேண்டும். ஒரு இடத்தில் சேர்த்தால் போதாது. சுற்றின் கடைசியில் இன்னொரு குலுக்கத்தில் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு பொறுமையைக் கேட்கிற காரியத்தை ரீல்ஸ் மோகத்தோடு ஒரே மூட்டையாகக் கட்டுவது நியாயமில்லை.

இனி ஒரு காட்சி. எங்கள் வட்டாரத்துப் பையன் ஒருவன், ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டேயில் ஓட்டிவிட்டு வந்தான். 155 சிசி பைக். அவனுடைய இரண்டு சுற்றுகளின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினேன். இடப்பக்கச் சுற்றில் நேர்ப்பாதையின் முடிவில் 129. வலப்பக்கத்தில் 125. அவன் இடப்பக்கத்தைத் தொட்டு, "அண்ணா, இதுலதானே நான் செம்மயா போனேன்?" என்றான். இரண்டையும் நகர்த்தினேன். இடப்பக்கத்தில் பிரேக் பத்து மீட்டருக்கும் மேல் தாமதம். முன் சஸ்பென்ஷன் அமுங்கி அடிமட்டத்தைத் தொட்டது, கேமராவின் பார்வை தரையை நோக்கிச் சரிந்தது. வண்டி வளைவின் உள்முனையைத் தொடாமல் வெளியே அகன்றது. வேகம் 61 வரை இறங்கியது. அதைவிட முக்கியம், த்ராட்டில் மூடியபடியே கிட்டத்தட்ட இரண்டு நொடி. பிரேக்கும் இல்லை, த்ராட்டிலும் இல்லை, வண்டி எங்கே போகும் என்று காத்திருக்கிறான். வலப்பக்கத்தில் பிரேக் சீக்கிரம் விழுந்தது, மெதுவாக விடுபட்டது. வளைவின் குறைந்தபட்ச வேகம் 70. உள்முனையைத் தொட்டதுமே த்ராட்டில் திறந்தது. அடுத்த நேர்ப்பாதையின் தொடக்கத்திலேயே ஒரு வண்டி நீளத்துக்கும் மேல் முன்னே. சுற்று முழுக்க இப்படியே போய், 125 போன சுற்று ஒரு நொடிக்கும் மேல் வேகமானது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த இரண்டு நொடி இடத்தை மறுபடி போடச் சொன்னான். மறுபடியும். "இந்த எடத்துல நான் பயந்துட்டேன்ணா" என்றான். ஒரு இளைஞனைத் தன் பயத்தைத் தானே ஒப்புக்கொள்ளவைக்கும் எந்த விழிப்புணர்வுப் பேரணியையும் நான் பார்த்ததில்லை. டாப் ஸ்பீடு என்பது வெறும் எண், ஓட்டத் தெரிவது வேறு என்று நாம் வாயால் நூறு முறை சொல்லலாம். அவன் காதில் ஏறாது. தன்னுடைய படத்தில், தன்னுடைய எண்ணில் பார்த்தால் ஒரே மாலையில் ஏறுகிறது.

எண்ணைப் பார்த்தால் பையனுக்கு வெறி ஏறும் என்கிறார்கள். ஒற்றை எண்ணைப் பார்த்தால் ஏறும்தான். அதன் பக்கத்தில் நிற்கும் தூரத்தைப் போட்டுக் காட்டுங்கள். நல்ல தார்ச்சாலையில், நல்ல டயரோடு, ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 6 மீட்டர் குறையும்படி பிரேக் பிடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதுவே தேறிய கைக்குத்தான் வரும். 60இல் போனால் பிரேக் பிடித்த பிறகு 23 மீட்டரில் நிற்பான். 120இல் 93 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி சேர்த்தால் 40 மீட்டர், 126 மீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வரும் சாலையில் குவாரிக்குப் போகும் டிப்பர் லாரி திரும்புகிற எத்தனை வளைவில் 126 மீட்டர் முன்னாலே தெரியும்? அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும்போது? இதைக் கரும்பலகையில் எழுதினால் பரீட்சைக்கான கணக்கு. அவன் வண்டியிலேயே, மூடிய மைதானத்தில் 40இலும் 60இலும் பிரேக் பிடிக்கவைத்து, படத்தின் மேல் மீட்டர் மீட்டராக ஓடவிட்டுக் காட்டினால் அது அவனுடைய உயிர்க் கணக்கு.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. உயிரிழப்பு 17,884. நாட்டில் இறந்தவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த 17,884 பேரில் எத்தனை பேர் வண்டியில் கேமரா இருந்திருக்கும்? வேலைக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள், ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்தவர்கள். நாலு யூடியூபர்களைக் காட்டி, கேமராவே காரணம் என்று முடித்துக்கொண்டால் நாம் யாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமோ அவர்களைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்கிறோம்.

கேமராவைத் தடைசெய்யச் சொல்கிறவர்களுக்கு ஒரு இடத்தில் நான் முழுமையாக இணங்குகிறேன். ஹெல்மெட்டின் மேல் கேமராவை ஒட்டுவது தப்பு. விழும்போது அது தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு கட்டியாக நிற்கும். ஹெல்மெட் வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு கழுத்தைத் திருகும். கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் ஹெல்மெட் கேமராவுக்கு எதிராக நடவடிக்கை எடுத்ததில் காரணம் இருந்தது. டேங்கின் மேலோ, பின்சீட்டின் முதுகுப்பக்கமோ மாட்டலாம். ஓட்டுகிறவனின் கையும் தோளும் தெரியும்படி பின்னாலிருந்து எடுத்த படமே கற்றுக்கொடுக்கவும் சிறந்தது. கேமராவை எங்கே மாட்டுவது என்ற விதியையும் கேமராவே கூடாது என்ற கூச்சலையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

எதிர்ப்பு இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. இது பந்தய உலகத்துக்குள்ளேயே, மூத்தவர்களிடமிருந்து வருவது. சோழவரத்தில் இதெல்லாமா இருந்தது என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். அங்கே ஓட்டியவர்களிடம் இருந்தது கையும் காதும் இருப்பிடத்து உணர்வும் மட்டும்தான். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது: தப்பியவர்கள்தான் இன்று நமக்குக் கதை சொல்கிறார்கள். உணர்வை மட்டும் நம்பி ஓட்டி எங்கே தவறினோம் என்று தெரியாமலேயே விலகிப்போனவர்கள் பேச வருவதில்லை. உணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடப்பக்கச் சுற்றில் அந்தப் பையனின் உணர்வு, தான் வேகமாகப் போகிறோம் என்றது. அந்த உணர்வு பொய். அதைத் திருத்த வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு பொறியாளர்களுடையது. டேட்டாவின் வரைகோடு போதும், படம் எதற்கு, அது டிவிக்காரர்கள் விளையாட்டு என்பார்கள். உண்மைதான், ஆன்போர்டு கேமரா பிறந்தது டிவிக்காகத்தான். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் சேனல் செவன் ஒரு டொயோட்டா செலிகாவுக்குள் கேமராவைப் பொருத்தி, பீட்டர் வில்லியம்சன் ஓட்டிக்கொண்டே பேசுவதை நேரலையில் காட்டியது. 1985 ஜெர்மன் கிராண்ட் பிரீயில் ரெனோ காரில் ஃபார்முலா ஒன்னுக்கும் அது வந்தது. ஆனால் எங்கே பிறந்தது என்பதை வைத்து எதற்குப் பயன்படும் என்று தீர்மானிக்க முடியாது. வரைகோடு, த்ராட்டிலை எட்டு மீட்டர் முன்னதாக மூடினான் என்று சொல்லும். ஏன் மூடினான் என்று சொல்லாது. முன்னால் போன வண்டி தடுமாறியதாலா, தடத்தில் எண்ணெய்க் கறை இருந்ததாலா, கண் தவறான இடத்தைப் பார்த்ததாலா என்பதைப் படம் சொல்லும். படம் மட்டும் இருந்தால் எவ்வளவு என்பது தெரியாது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் பாதி சாட்சியம்தான் மிஞ்சும்.

பாதி சாட்சியம் என்ன செய்யும் என்பதற்கு உலகம் பார்த்த பெரிய உதாரணம் இமோலா. 1994 மே 1 அன்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் வில்லியம்ஸ் கார் தம்புரெல்லோ வளைவில் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. காருக்குள் கேமரா இருந்தது. மோதுவதற்குச் சற்று முன் அந்தப் படம் நின்றுவிடுகிறது. ஸ்டீயரிங் தண்டு முன்னமே முறிந்துவிட்டதா என்பதுதான் பின்னாளில் இத்தாலிய நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் மையக் கேள்வி. பொலோனியாவின் சினெகா கணினி மையம் அந்தப் படத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து, காரின் டெலிமெட்ரியோடு வைத்துப் பார்த்து, ஸ்டீயரிங் சக்கரத்தில் உள்ள ஒரு பொத்தான் எப்படி நகர்கிறது என்று அளந்தது. ஸ்டீயரிங் இயல்புக்கு மாறாக ஆடியது என்பது அரசுத் தரப்பின் வாதம். வில்லியம்ஸ் தரப்போ, அந்த அளவு ஆட்டம் அந்தக் காருக்கு இயல்பானதே என்று தன் பங்குக்கு வீடியோ எடுத்துக் காட்டியது. சென்னாவுக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்த டேவிட் கூல்தார்ட் அதையே சொன்னார். ஒரே படம், எதிரெதிர் இரண்டு விளக்கம். படத்தை மட்டும் வைத்துக் கண்ணால் தீர்ப்பு எழுத முடியாது என்பதையும், படத்தையும் எண்ணையும் ஒரே காலக்கோட்டில் நிறுத்துவது எவ்வளவு கனமான காரியம் என்பதையும் அந்த வழக்கு காட்டியது. எங்கள் ஊர் விபத்துகளில் அந்தப் பாதிகூடக் கிடைப்பதில்லை. "ஓவர் ஸ்பீடு" என்று முதல் தகவல் அறிக்கையில் இரண்டு சொல் எழுதி மூடிவிடுகிறோம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓவர்லே என்று எழுதியிருப்பதெல்லாம் உண்மையல்ல. எடிட்டிங் மென்பொருளில் எந்த எண்ணையும் யாரும் தட்டி வைத்துவிடலாம். 90இல் போன வண்டியை 190 என்று காட்ட ஒரு நிமிடம் போதும். அதனால் பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி: மூலக் கோப்பு எங்கே? ஜிபிஎஸ் நேரம் எங்கே? பிரேக் பிடித்த பகுதி ஏன் வெட்டப்பட்டிருக்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன், வித்தைக்காரர்களின் வீடியோவுக்கு லைக் போடமாட்டான். தடை போட்டால் அவனுக்கு இந்தக் கேள்விகள் தெரியவே தெரியாது.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இப்படிக் கணக்குக் கேட்பது புதுக் கருத்தாகப் படக் கூடாது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டி, எங்கள் ஊர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். அந்த விதிகளில் ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது, அவருடைய உறவினர் பெயரையும் இடக் கூடாது. நல்லவரா, திறமைசாலியா என்று கேட்பதோடு சபை நிறுத்திக்கொள்ளவில்லை. கணக்கைக் கேட்டது. வேகமாக ஓட்டுகிறேன் என்று சொல்கிற பையனிடமும் கணக்கைக் கேட்கலாம். முழுக் கணக்கு.

அடுத்த வாதம், இது பணக்காரர்கள் விளையாட்டு, நமக்கு எதற்கு என்பது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருத்தடத்தில் இரவு ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது இந்தக் குரல் பெரிதாகக் கேட்டது. அந்தப் பந்தயத்துக்கு அரசு செலவிட்டது சரியா என்பதைத் தனியாகப் பேசலாம். ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றுகொண்டு மோட்டார் நமக்கு எதற்கு என்று கேட்பது எனக்கு வலிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா. விடிகாலை ஐந்து மணிக்கு உத்திரமேரூர் முனைகளில் நிற்கிற கம்பெனி பஸ்களில் ஏறிப்போய் இந்த வண்டிகளைப் பூட்டுகிறவர்கள் எங்கள் பிள்ளைகள். ஒரகடத்தில் வண்டிகளைச் சோதிக்கவென்றே மத்திய அரசின் ஜிஏஆர்சி ஆய்வு மையம், சோதனைத் தடங்களோடும் மோதல் சோதனைக் கூடத்தோடும் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டை தடம், 1990இல் திறந்தது, 3.7 கிலோமீட்டர் நீளம், எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே, வாலாஜாபாத் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம். நட்டை முறுக்கும் வேலை எங்கள் பையனுக்கு, அந்த நட்டு தாங்கும் விசையை அளந்து படிக்கும் வேலை வேறு யாருக்கோ என்பதை நான் ஏற்கமாட்டேன். ஓவர்லேயைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் சோதனை ஓட்டத்திலும் பந்தய அணியிலும் வேலைக்கான கதவு இருக்கிறது. சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். இன்று ஸ்கை ஸ்போர்ட்ஸில் இரண்டு ஓட்டுநர்களின் ஆன்போர்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் எங்கே பிரேக்கை விட்டார் என்று உலகத்துக்கே விளக்குகிறார். நம் பையன்கள் நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தின் பக்கத்தில் இந்தப் படிப்பையும் வைத்தால் போதும்.

கருவிக்குப் பணம் வேண்டுமே என்றால், வேண்டும், ஆனால் நினைக்கிற அளவு இல்லை. கையில் இருக்கிற போன், ஒரு செயலி, முடிந்தால் ஒரு வெளி ஜிபிஎஸ். கோப்ரோ நிறுவனம் 2016இல் ஹீரோ5இல் ஜிபிஎஸ் சேர்த்தது, 2023இல் ஹீரோ12இல் எடுத்துவிட்டது, அடுத்த ஆண்டே ஹீரோ13இல் திரும்பச் சேர்த்தது. பழைய மாடல் ஒன்று இரண்டாம் கையாகக் கிடைத்தாலே ஒரு பள்ளிக்குப் போதும்.

தடத்துக்குப் போனால் ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியக் கார் பந்தயத்தில் அனுபவம் வாய்ந்த 59 வயது ஓட்டுநர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் பைக் பந்தயத்தில் பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். அந்தப் பிள்ளையின் வயதை எழுதும்போது கை நடுங்குகிறது. எத்தனை வயதில் பந்தயம் ஓட்டவிடலாம் என்பது நாடு உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி, அதை இந்தக் கட்டுரைக்குள் அவசரமாக முடிக்க நான் தயாரில்லை. ஆனால் தடத்தில் எதிரே லாரி வராது. ஆம்புலன்ஸ் நிற்கும், மார்ஷல் கொடி காட்டுவார், ஓட்டுகிறவன் கவச உடை போட்டிருப்பான். வந்தவாசி சாலையில் இதில் ஒன்றும் கிடையாது. ஆபத்தின் அளவை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒப்பிடவும் அளவு வேண்டும்.

அதனால் நான் கேட்பது மூன்று தரப்பிடம். பள்ளித் தலைமையாசிரியர்களே, சாலைப் பாதுகாப்பு வாரத்தில் உறுதிமொழி வாசிக்கிற அரை மணி நேரத்தை, மைதானத்தில் உரிமம் உள்ள ஒருவர் 40இலும் 60இலும் பிரேக் பிடிப்பதைப் படமெடுத்து, நிற்கும் தூரத்தோடு திரையில் போட்டுக் காட்டக் கொடுங்கள். காவல்துறையினரே, பையனின் போனைப் பறிமுதல் செய்யும்போது அதில் உள்ள வீடியோவை வெறும் ஆதாரமாக மட்டும் பார்க்காமல், அவனையும் அவன் பெற்றோரையும் உட்காரவைத்து, 110இல் போன அந்த இடத்தில் எதிரே ஒரு டிராக்டர் வந்திருந்தால் எந்த மீட்டரில் நின்றிருப்பான் என்று அந்தப் படத்தின் மேலேயே குறித்துக் காட்டுங்கள். கணக்கு போட உங்கள் நிலையத்தில் ஒரு இளம் காவலர் போதும். பந்தய கிளப்களே, டிராக் டேயின் கட்டணத்தில் கிராமத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சில இடங்களை ஒதுக்குங்கள். ஓட்டி முடித்த கையோடு அவர்கள் படத்தையும் டேட்டாவையும் சேர்த்து விளக்க ஒரு ஆளை பிட் லேனில் உட்காரவையுங்கள். அந்த ஆளாக உட்கார எங்கள் பக்கத்திலேயே பிள்ளைகள் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.